குடியை நிறுத்தியவர்கள் சேர்ந்து வாழும் வீட்டுக்குப் பதிவு வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. திருச்சியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பல ஆண்டுகளாகக் குடிப்பதில்லை. ஏஏ (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்') கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். மறுவாழ்வு மையங்களில் ஓரிரு மாதம் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்களில் பலருக்குப் போக இடமில்லை. பழைய அறைக்கும் பழைய கூட்டாளிகளிடமும் போய் மறுபடி குடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, பத்து ஆண்கள் தங்க ஏற்பாடு செய்ய விரும்புகிறோம். சாப்பாட்டோடு மாதம் 7,000 ரூபாய் வாங்குவதாக எண்ணம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இரு வேளையும் வந்து மாத்திரை கொடுப்பார். மையம் நடத்தும் ஒருவர் ஆட்களைத் தானே அனுப்புவதாகவும், ஆளுக்கு 3,000 ரூபாய் தனக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறார். அறக்கட்டளை பதிவு செய்துவிட்டோம். "ஆண்கள் விடுதி என்று போர்டு மாட்டினால் போதும்" என்கிறார் ஒரு நண்பர். "மனநல ஆணையத்தில் பதியாவிட்டால் சிறைதான்" என்கிறார் இன்னொருவர். எது சரி? அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். நீங்கள் விவரித்திருக்கும் திட்டத்தை அப்படியே நடத்துவதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் ஒருவரைக்கூடச் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. அதே நோக்கத்தை வேறு ஓர் அமைப்பில் நிறைவேற்றினால் பதிவு தேவைப்படாமல் போகலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு போர்டில் எழுதும் பெயரைப் பொறுத்ததாக இல்லாமல், அந்த வீட்டின் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததாக இருப்பதால், அதை முதலில் விளக்குகிறேன்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, குடிநோயாளிகளுக்குப் பொருந்தாது என்று நினைப்பவர்கள் மையம் நடத்துகிறவர்களிடையேகூட இருக்கிறார்கள். அது தவறு. மதுவையும் போதைப் பொருள்களையும் தவறாகப் பயன்படுத்துவதோடு தொடர்புடைய மனநிலைகளையும் அந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. மனநல நிறுவனம் என்பதற்கு அது தரும் வரையறையும் அகலமானது: எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், அரசோ அறக்கட்டளையோ சங்கமோ தனிமனிதரோ யார் நடத்தினாலும், இத்தகையவர்கள் சேர்க்கப்பட்டுச் சிகிச்சைக்காகவோ உடல்தேறுவதற்காகவோ மறுவாழ்வுக்காகவோ தற்காலிகமாகத் தங்கும் இடமும் அதில் அடங்கும். எத்தனை கட்டில் இருந்தால் பதிவு வேண்டும் என்று ஒரு கணக்கு அந்த வரையறையில் இல்லை. ஆகவே பத்துப் பேரை ஐந்தாகக் குறைப்பதாலோ, ஆண்கள் விடுதி என்று எழுதி மாட்டுவதாலோ நீங்கள் சட்டத்துக்கு வெளியே போய்விட முடியாது.

அதே வரையறை ஒரு விலக்கையும் தருகிறது. ஒருவர் தம் உறவினர்களுடனோ நண்பர்களுடனோ வாழும் குடும்ப வசிப்பிடம் மனநல நிறுவனம் ஆகாது. பல ஆண்டுகளாகக் குடிக்காத உங்களைப் போன்ற நான்கு பேர் ஒரு வீட்டில் வாடகையைப் பகிர்ந்து வாழ்ந்தால் யாரும் உங்களிடம் பதிவுச் சான்றிதழ் கேட்க முடியாது. நேற்றுச் சிகிச்சை முடிந்து வந்த ஒருவரை நீங்கள் சேர்த்துக்கொண்டு, அவருடைய மாத்திரையை உங்கள் பூட்டில் வைத்துக்கொண்டு, அவர் குடும்பத்தாரிடம் மாதப் பணம் வாங்கிக்கொண்டு, அவர் எப்போது போகலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்தால், அவரை உங்கள் நண்பர் என்று எந்த அதிகாரியும் ஏற்றுக்கொள்ள மாட்டார், ஏற்றுக்கொள்ளவும் கூடாது. உள்ளே யார் வரலாம் என்று தீர்மானிப்பவர் யார், வாசல் சாவி யாரிடம், மருந்து யார் கையில், பணம் எங்கே போய்ச் சேருகிறது, வெளியே அனுப்பும் உரிமை யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் திட்டத்தில் இவை அனைத்தும் தங்கப் போகும் பத்துப் பேரிடம் இல்லாமல் உங்கள் மூவரிடம் இருக்கின்றன.

இந்தப் பதிவை ஒரு காகித வேலையாகப் பார்ப்பவர்களுக்கு நான் ஏர்வாடியை நினைவுபடுத்துவது வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போதும் மனநலச் சட்டம் ஒன்று, 1987ஆம் ஆண்டுச் சட்டம், நடைமுறையில் இருந்தது. உரிமம் பெற வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. அந்த விதி அந்தக் கொட்டகையின் வாசல்வரை வரவில்லை. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட பிறகுதான் நாடு முழுவதும் இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுக்கும் வேலை தொடங்கியது. அங்கே இறந்தவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் பலர் அவர்களுடைய சொந்தக் குடும்பத்தார். நம்பிக்கையோடுதான் விட்டுப் போனார்கள். உங்கள் வீட்டுக்கும் ஒரு தாயோ மனைவியோ அதே நம்பிக்கையோடு ஒருவரை அழைத்து வரப் போகிறார். அவருக்காக வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே பதிவின் பொருள்.

உங்கள் நண்பர் சொன்ன சிறைத் தண்டனையைப் பற்றியும் தெளிவுபடுத்திவிடுகிறேன். பதிவில்லாமல் நடத்துவதற்கு மட்டும் பிரிவு 107 விதிப்பது பணத் தண்டம்: முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை, இரண்டாம் முறை 2 லட்சம் வரை, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 5 லட்சம் வரை. பதிவில்லை என்று தெரிந்தே அங்கு மனநலப் பணியாளராக வேலை செய்பவருக்கும் 25,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. மாதம் பல லட்சம் வசூலிக்கும் மையத்துக்கு முதல் தண்டம் ஒரு பொருட்டே ஆகாது என்பதும், சட்டத்தின் மிகப் பலவீனமான இடங்களில் இது ஒன்று என்பதும் என் கருத்து. ஆனால் சட்டத்தின் மற்ற விதிகளை மீறினால் பிரிவு 108இன்படி முதல் முறை 6 மாதம் வரையும், மீண்டும் மீறினால் 2 ஆண்டு வரையும் சிறை உண்டு. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பூட்டி வைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 127இன்படி சட்டவிரோத அடைப்பு என்ற தனிக் குற்றமாகவும் ஆகும்.

அறக்கட்டளைப் பதிவு இந்தக் கேள்விக்கு எந்த வகையிலும் பதில் ஆகாது. அது உங்கள் அமைப்பு இருக்கிறது என்பதற்குச் சான்று. ஒரு மனிதரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் தகுதி அந்த அமைப்புக்கு இருக்கிறது என்பதற்குச் சான்றல்ல. மையத்தைப் பார்க்க வரும் குடும்பங்களிடம் அறக்கட்டளைப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம்போட்டு மாட்டிக் காட்டி அனுப்பிவிடுவது பரவலாக நடக்கிறது. இதைப் படிக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவரும் மனநல ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

பதிவின் நடைமுறை நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமானதல்ல. விண்ணப்பம் கிடைத்த 10 நாளுக்குள், விசாரணை ஏதுமின்றி, தற்காலிகப் பதிவுச் சான்றிதழ் தர வேண்டும் என்று மனநலச் சட்டத்தின் பிரிவு 66 சொல்கிறது. அது 12 மாதம் செல்லும். நிரந்தரப் பதிவுக்கு இட வசதி, பணியாளர் தகுதி, ஆவணங்கள் ஆகியவற்றில் குறைந்தபட்சத் தரம் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்த ஆதாரங்களை ஆணையம் 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபணை கேட்கும். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பிக்கும்போது, சிகிச்சை தரும் மையமாகக் காட்டிக்கொள்ளாமல், சிகிச்சை முடிந்து தனியாகவோ குடும்பத்தோடோ வாழ இன்னும் முழுமையாக ஆயத்தமாகாதவர்கள் தங்கும் இடைநிலை இல்லமாக உங்களைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இத்தகைய இல்லங்கள் சமூகத்தில் வேண்டும் என்று சட்டமே பிரிவு 18, 19 ஆகியவற்றில் சொல்கிறது. அரசு போதிய அளவில் அமைக்காததை நீங்கள் அமைக்க முன்வருகிறீர்கள். அதை மறைத்துச் செய்ய வேண்டிய தேவை இல்லை.

பதிவு கிடைத்த பிறகு வீட்டை எப்படி நடத்துவீர்கள் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிற பகுதி. ஏனென்றால் நம் ஊரின் பல மையங்களில் ஒழுக்கம் என்ற பெயரில் நடப்பவை சட்டம் பெயர் சொல்லித் தடுத்திருப்பவை. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது பிரிவு 95. தனியறையில் அடைத்து வைக்கக் கூடாது என்கிறது பிரிவு 97. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேலை செய்யும்படி வற்புறுத்தக் கூடாது, விரும்பிச் செய்தால் உரிய கூலி தர வேண்டும் என்று பிரிவு 20 சொல்கிறது. வீட்டைப் பெருக்குவது, காய் நறுக்குவது போன்றவற்றை எல்லோரும் கூடி முறைபோட்டுச் செய்வதில் தவறில்லை. நீங்களும் அந்த முறையில் ஒருவராக இருங்கள். ஆனால் வீட்டில் தங்குபவரை உங்கள் அச்சகத்தில் சம்பளமில்லாமல் உட்காரவைப்பது, அது அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கும் என்ற நல்லெண்ணத்தோடு செய்தாலும், உழைப்பைச் சுரண்டுவதாகிவிடும். தொலைபேசியைப் பிடுங்கி வைத்து முதல் சில வாரம் வீட்டாரோடு பேசவிடாமல் செய்வதும் பிரிவு 26 தரும் உரிமைக்கு எதிரானது. பார்வையாளர் நேரம், பேசும் நேரம் என்று நியாயமான ஒழுங்குகளை மட்டும் வைக்கலாம்.

மனைவியோ அண்ணனோ தொலைபேசியில் கேட்டுக்கொண்டதும் நான்கு பேர் வண்டியில் போய்க் குடித்திருப்பவரைத் தூக்கிக்கொண்டு வரும் வழக்கத்தை உங்கள் வீடு ஒருபோதும் தொடக் கூடாது. தம் விருப்பத்தோடு வந்து சேர்ந்தவர் போக வேண்டும் என்று கேட்டால் விட வேண்டும். மனநல வல்லுநர் ஒருவர் மட்டும், பரிசோதனைக்காக, அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தலாம். விருப்பமில்லாதவரைச் சேர்ப்பதற்குப் பிரிவு 89இல் தனி வழி இருக்கிறது: சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், 30 நாளுக்கு மேல் போகக் கூடாது, இத்தகைய சேர்க்கைகளை ஆராயும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். அது மருத்துவமனையின் வேலை. உங்களைப் போன்ற வீட்டுக்கு விருப்பத்தோடு வருபவர் மட்டுமே வரட்டும். வாசல் உள்ளிருந்து திறக்கும்படியாகவே எப்போதும் இருக்கட்டும். ஜன்னல் கம்பியும் ஒரே ஒரு படிக்கட்டும் உள்ள மாடி வீடாக இருந்தால், இரவில் தீப்பிடித்தால் பத்துப் பேரும் எந்த வழியாக இறங்குவார்கள் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நடந்து பார்த்துவிடுங்கள்.

செவிலியர் மாத்திரை கொடுப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குடியை நிறுத்திய முதல் சில நாள்களை உங்கள் வீட்டில் கழிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை கடுமையான நடுக்கமும் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் சேர்ந்த நிலை வரலாம். அதில் உயிரும் போகக்கூடும். அதற்கு மருத்துவமனைப் படுக்கை வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை ஒருவர் தானே வைத்திருந்து தானே சாப்பிடுவதுதான் நீங்கள் தரவிரும்பும் சுதந்திரத்துக்கு ஏற்றது. மறந்துவிடுகிறவருக்கு நினைவூட்டுவது மட்டும் போதும். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச்செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும்படி குடும்பத்தார் கேட்பார்கள். அவர்களின் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது ஒருவரை அவருக்குத் தெரியாமல் ஆபத்தில் வைப்பது. இரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்பட்டு மரணம்வரை போகலாம். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அதுபோலவே, அபின் வகைப் போதையிலிருந்து மீள்வதற்காக மருத்துவர் தரும் பியூப்ரினார்ஃபின் போன்ற மருந்தைச் சாப்பிடுபவரை "இன்னும் போதையில் இருக்கிறார்" என்று சொல்லிச் சேர்க்க மறுக்காதீர்கள். அந்த மருந்தை நிறுத்திவிட்டுப் பழைய அளவுக்குத் திரும்பும்போதுதான் உடல் தாங்காமல் இறப்புகள் நேர்கின்றன.

இனி, ஆளுக்கு 3,000 ரூபாய் கேட்கும் மைய உரிமையாளர். அவர் மருத்துவராக இருந்தால் நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் பெறுவதை 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் நேரடியாகவே தடுக்கின்றன. மருத்துவராக இல்லாவிட்டாலும் நீங்கள் மறுத்துவிட வேண்டும் என்பதற்கான காரணத்தை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் காட்டுகிறது. அங்கே, குறிப்பாகப் பாம் பீச் வட்டாரத்தில், குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்வோர் சேர்ந்து வாழும் வீடுகள் பெருகியபோது, சிகிச்சை நிலையங்கள் வீட்டு உரிமையாளர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஆள் பிடிக்கத் தொடங்கின. தங்குபவருக்கு வாடகை இலவசம். அவருடைய காப்பீட்டிலிருந்து தேவையற்ற சிறுநீர்ப் பரிசோதனைகளுக்கும் சிகிச்சைக்கும் பணம் கறக்கப்பட்டது. ஒருவர் மறுபடி போதையில் விழுந்தால் அவருக்குப் புதிதாகச் சிகிச்சை தொடங்கும், புதிதாகப் பணம் வரும் என்பதால், அவர் மீள்வதில் யாருக்கும் ஆதாயம் இல்லாமல் போயிற்று. 2015இல் அந்த மாநிலம் இத்தகைய வீடுகளுக்கு விருப்பச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2016 ஜூலை முதல் உரிமம் பெற்ற சிகிச்சை நிலையங்கள் சான்றிதழ் பெற்ற வீடுகளுக்கே ஆள்களை அனுப்ப முடியும் என்று ஆக்கி, வீடுகளை மறைமுகமாகச் சட்டத்துக்குள் இழுத்தது. 2018இல் ஆள் அனுப்பக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் அமெரிக்கா முழுவதும் குற்றமாக்கி, 10 ஆண்டு வரை சிறை என்று மத்தியச் சட்டமும் வந்தது. நம் ஊரில் காப்பீட்டுக்குப் பதில் குடும்பத்தின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அதைத் தவிர இந்தக் கணக்கில் வேறு மாற்றம் இல்லை. 3,000 ரூபாய் கொடுத்துச் சேர்த்தவரிடமிருந்து அந்தத் தொகையை மீட்க வேண்டும் என்ற எண்ணம் முதல் மாதத்திலேயே உங்களுக்கு வந்துவிடும்.

பதிவு தேவைப்படாத இன்னொரு அமைப்பு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கும் அமெரிக்காவில்தான் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. 1975இல் மேரிலாண்ட் மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் ஓர் இடைநிலை இல்லம் மூடப்பட்டபோது, அதில் தங்கியிருந்த பால் மல்லாய் என்பவரும் உடனிருந்தவர்களும் அதே வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்து, ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று பெயரிட்டார்கள். மேலாளர் இல்லை, வார்டன் இல்லை. செலவை எல்லோரும் சமமாகப் பங்கிடுவார்கள். பொறுப்பாளர்களைத் தங்களுக்குள்ளேயே குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள். புதிதாக வருபவரை 80 விழுக்காட்டினர் வாக்களித்து ஏற்க வேண்டும். குடித்தவர் வெளியேற வேண்டும். குடிக்காதவர் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரை இரு பிரிவாக்கி ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, வழக்கமான பின்பராமரிப்பு பெற்றவர்களில் 65 விழுக்காட்டினர் மறுபடி குடியிலோ போதையிலோ இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு வீடுகளுக்குப் போனவர்களில் அது 31 விழுக்காடு. தங்குபவர்களே வீட்டை ஆள்வதில் இருக்கும் வலிமையை இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

திருச்சியில் இதைச் செய்ய வேண்டுமானால் நீங்கள் மூவரும் நடத்துநர் என்ற இடத்தை விட்டுக்கொடுத்து, அந்த வீட்டில் வாழ்பவர்களாகவோ அவ்வப்போது வந்து போகும் நண்பர்களாகவோ மட்டும் இருக்க வேண்டும். நான்கைந்து பேரோடு தொடங்குங்கள். அவர்களில் குறைந்தது இருவராவது ஓராண்டுக்கு மேல் குடிக்காதவர்களாக இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் தங்குபவர்களின் பெயர்களே இருக்கட்டும். தமிழ்நாட்டின் வாடகைதாரர், நில உரிமையாளர் உரிமைகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்திடம் பதியப்பட வேண்டும், உரிமையாளரின் எழுத்துமூல இசைவில்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. சமையல் செலவுக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். செவிலியர், மாதக் கட்டணம், மையத்திலிருந்து நேராக வருகிறவர்கள் ஆகிய மூன்றும் இந்த அமைப்பில் இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று நுழைந்தாலும் பதிவை நோக்கிப் போய்விடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்க முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பேன். மறுபடி குடித்துவிட்டு வந்தவரை அதே இரவில் தெருவில் விடும் விதி நம் சூழலுக்குக் கொடுமையானது. மற்றவர்களின் பாதுகாப்புக்காக அவர் அந்த வீட்டில் தொடர முடியாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அவரை எங்கே கொண்டுபோவது என்பதை அவர் சேரும் நாளிலேயே அவரோடு பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: முதலில் அழைக்க வேண்டியவர் பெயர், உறவினர் ஒருவர் எண், மருத்துவமனை. உங்கள் ஊரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ இருந்தால் 108ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணும், போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணும் சமையலறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி: மனநலச் சட்டம் அவர்களிடம் தடையில்லாச் சான்றிதழ் வாங்கும்படி கேட்கவில்லை. சமூகத்துக்கு நடுவே வாழும் உரிமையைப் பிரிவு 19 தருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எட்மண்ட்ஸ் என்ற நகரம், உறவினர் அல்லாத ஐந்து பேருக்கு மேல் ஒரே வீட்டில் வாழக் கூடாது என்ற தன் விதியைக் காட்டி ஓர் ஆக்ஸ்ஃபோர்டு வீட்டை அகற்ற முயன்றபோது, அத்தகைய விதி வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறாது என்று 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் சட்டத்தைக் காட்டி அண்டை வீட்டாரை வெல்ல முயல வேண்டாம். குடும்பம் குடும்பமாக வாழும் தெருவில் திடீரெனப் பத்து ஆண்கள் வந்தால் பயம் வருவது இயல்பு; அந்தப் பயத்தில் பாதி, யாரிடம் கேட்பது என்று தெரியாததால் வருவது. குடிவருவதற்கு முன்பே இருபக்கத்து வீடுகளுக்கும் நீங்களே நேரில் போய் உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள். தங்குபவர்களின் பெயரையோ கதையையோ சொல்ல வேண்டாம். அது அவர்களுடைய அந்தரங்கம். வீட்டு உரிமையாளரிடமும் எதற்காக வீடு கேட்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவு பெற்ற இல்லமானால் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தணிக்கையில் உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு என்பதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

பின்னாளில் பெண்களுக்கும் இப்படி ஒரு வீடு தொடங்க எண்ணினால், பெண்கள், குழந்தைகள் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டியிருக்கும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, நண்பர்கள் மூவரும் அமர்ந்து, நடத்துநர்களாக இருக்கப் போகிறீர்களா, உடன் வாழ்பவர்களாக இருக்கப் போகிறீர்களா என்று முடிவெடுப்பது. முதலாவதானால் வீட்டுக்கு முன்பணம் கொடுத்த கையோடு ஆணையத்துக்கு விண்ணப்பம் போகட்டும். தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வரும்வரை கட்டில்கள் காலியாகவே இருக்கட்டும். இரண்டாவதானால் வீட்டு ஒழுங்குகளை ஒரு பக்கத்துக்குள் எழுதி, முதலில் தங்கப் போகிற நான்கைந்து பேரிடமும் காட்டித் திருத்தி வாங்குங்கள். எது உங்கள் முடிவானாலும் அந்த வரைவை எனக்கு அனுப்பினால், எந்த வரி சட்டத்தோடு மோதுகிறது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.